நானூறு காலன்

குர்லாவில் எங்கள் ஷெட்டுக்கு அது வந்தது
கிரேன் கொக்கியில், முன்சக்கரம் அந்தரத்தில்,
காதைப் பிடித்து இழுத்து வரப்பட்ட பையனைப் போல.

மில்லின் சொந்தத் தீயணைப்பு வண்டி.
லால்பாகில் அந்த மில் இப்போது இல்லை.
அந்த இடத்தில் ஐம்பத்தொரு மாடி.
அதன் லாபியில் நிறுத்த வேண்டுமாம்.

"ஓட வேண்டாம், அண்ணா. மின்னினால் போதும்"
என்றார் டிசைனர் மிருணாளினி காட்கே.
இன்ஜினுக்குக் காசில்லை. பம்புக்கும் இல்லை.
சிவப்புக்கு மட்டும் மூன்று சாம்பிள் அட்டை.
மணியின் நாக்கைக் கழற்றிவிடச் சொன்னார்.
பிள்ளைகள் அடிப்பார்கள்,
மேலே தூங்குகிறவர்கள் புகார் எழுதுவார்கள்.

சுரண்டினேன்.
சிவப்புக்குக் கீழே சிவப்பு,
அதற்கும் கீழே பட்டாளத்துச் சாம்பல்,
அப்புறம் தகரம், வெளிச்சத்தில் கூசிக்கொண்டு.

டிரைவர் சீட்டுக்கடியில்
எலி தின்று மிச்சம் வைத்த நோட்டு ஒன்று.
பென்சிலில் மராத்தி. கீழே ஷிர்கே என்று கையெழுத்து.
இலியாஸ் எழுத்துக்கூட்டிப் படித்தான்:
சனிக்கிழமை. ஸ்டார்ட் செய்தேன். மணி அடித்தேன். நிறுத்தினேன்.
சனிக்கிழமை. ஸ்டார்ட் செய்தேன். மணி அடித்தேன். நிறுத்தினேன்.
பதினோரு வருடம் இப்படியே.
வாசலைத் தாண்டியது இரண்டே தடவை.
கணபதி ஊர்வலத்துக்கு ஒன்று,
சேட் மகள் கல்யாணத்தில்
பந்தலுக்கு முன்னால் புழுதி அடங்கத் தண்ணீர் அடிக்க ஒன்று.

கதவடைப்பு வந்தது.
சம்பளமில்லாமலும் ஷிர்கே வந்திருக்கிறான்.
சனிக்கிழமை. ஸ்டார்ட் செய்தேன். மணி அடித்தேன். நிறுத்தினேன்.
மறுநாள் தேதி போட்டு, பென்சில் அழுந்த:
குடோனில் தீ. ஸ்டார்ட் ஆகவில்லை.
மீதிப் பக்கங்களை எலி தின்னவில்லை.
அவற்றில் எழுத்தும் இல்லை.

யாரும் கேட்காத வேலைதான்.
ஆனாலும் பெட்ரோல் குழாயைப் பிரித்தோம்.
அதன் தொண்டையில்
கடலைப்பருப்பளவு பஞ்சு.

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்காதே என்பார்கள்.
இது பக்கத்தில் இல்லை, உள்ளே இருந்தது.
"மில் முழுக்கப் பறக்கிற சாமான், தானா இறங்கியிருக்கும்"
என்றான் இலியாஸ்.
பல்புக்கடியில் நீட்டிக் காட்டினேன்.
விளக்குத்திரி மாதிரி முறுக்கியிருந்தது.
அவன் பார்த்தான்.
போய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தான்.

நல்ல வண்டிகள் தீக்குப் போயின,
போய்ப் போய்த் தேய்ந்தன,
காயலான் கடையில் எடைக்கு விழுந்தன.
போக முடியாத இது ஒன்றுதான்
அங்கம் குறையாமல் என் முன்னால் நின்றது.

அப்புறம் ராத்திரிகளில் பம்பைப் பிடித்தோம்.
கேஸ்கெட்டை லாரி டியூபில் வெட்டினேன்.
பித்தளை வால்வுக்குச் சோர் பஜாரில்
மூன்று வெள்ளிக்கிழமை அலைந்தோம்.
ஸ்டார்ட் ஆன அன்றைக்குச் சனிக்கிழமை,
நாங்கள் பார்த்து வைத்ததில்லை.
இலியாஸ் மணி அடித்தான்.
தண்ணீர் ஷெட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி
எதிர்க் கடைக்காரரின் ரேடியேட்டர் குவியலில் விழுந்தது.
அவர் எங்கள் இருவர் அம்மாவையும் இழுத்தார்.
நாங்கள் சிரித்துக்கொண்டே நனைந்தோம்.
நிறுத்தினோம்.

திரியை அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் வைத்து
நோட்டை மூடினேன், சீட்டுக்கடியில் திரும்ப வைத்தேன்.

காட்கே மேடம் வந்தார்.
சிவப்பில் முகம் பார்த்தார், முடி ஒதுக்கிக்கொண்டார்.
மணியின் நாக்கை ரசீதோடு கையில் கொடுத்தேன்.
பெட்ரோல் வடித்தாயிற்றா? ஆயிற்று.
பேட்டரி? கழற்றியாயிற்று.
தொட்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

நானூறு காலன்.
பில் பின்னால் எழுதிப் பார்த்தேன்,
தமிழில் எமன் பெயர் வருகிறது.
அடித்துவிட்டேன்.

டிரெய்லர்க்காரன் மட்டும்
சங்கிலியை இழுத்துப் பிடித்து, மூச்சு வாங்கி,
"என்னண்ணா இந்தக் கனம்?" என்றான்.

பழைய தகரம், என்றேன்.